பக்கத்து வீட்டுப் பொருத்தம்

நல்லேரியில் வீடு கிடைப்பது நல்ல மாப்பிள்ளை கிடைப்பதைவிடக் கஷ்டம் என்று சொல்வார்கள். சொல்கிறவர்களில் பாதிப் பேர் இன்னும் நல்லேரிக்கு மனுப் போட்டுவிட்டுக் காத்திருப்பவர்கள்.

செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், ஒரு காலத்தில் ஏரியும் செங்கல் சூளையுமாகக் கிடந்த இடம் அது. இப்போது ரயில் நிற்கிறது, பெரிய மருத்துவமனை இருக்கிறது, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே போகிறார்கள், குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. இதெல்லாம் அக்கம்பக்கத்து ஊர்களிலும் உண்டு. ஆனால் அங்கே வீடு வாங்கியவர்கள் மூன்று நான்கு வருஷத்தில் வந்த விலைக்கு விற்றுவிட்டு ஓடுகிறார்கள். நல்லேரிக்கு வந்தவர்கள் யாரும் தாமாகப் போவதில்லை. காரணம் ரயிலோ தண்ணீரோ இல்லை, பக்கத்து வீட்டுக்காரர்கள்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணத்துக்கு ஜாதகம் பார்க்கிறோம். மனைக்கு வாஸ்து பார்க்கிறோம். மாடு வாங்கினால் சுழி பார்க்கிறோம். ஆயுள் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் இருமப்போகிற மனிதரை மட்டும் தலைவிதி என்று விட்டுவிடுகிறோம். நல்லேரி அப்படி விடவில்லை. அந்தப் பொறுப்பை 'அயல்' என்ற கணினி அமைப்பிடம் கொடுத்தது. மனுப் போட்டவர் எப்போது தூங்குகிறார், டிவியை எவ்வளவு சத்தமாக வைக்கிறார், வாட்ச்மேனிடம் எந்தக் குரலில் பேசுகிறார் என்றெல்லாம் அயல் பார்க்கும். ஜாதி, மதம் கேட்காது. பிறகு ஐந்து ஐந்து வீடாகப் பொருத்தம் பார்த்து, ஒரு பொது முற்றத்தைச் சுற்றிக் குடிவைக்கும். அந்த ஐந்து வீட்டுக்கும் சேர்த்து வளவு என்று பெயர்.

கதிரேசனும் உமையாளும் ஒரு வளவில் இரண்டாம் எண் வீட்டில் இருந்தார்கள். அவன் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவு மேலாளர். ஒரே மகள் யாழினி பத்தாம் வகுப்பு. கதிரேசன் நல்லவன். இதில் அவனுக்கே சந்தேகம் இருந்ததில்லை. இந்தக் கதையில் வில்லன் யாராவது வருவானா என்று தேடுகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மூன்றாம் எண் வீட்டில் கிளாடிஸ் அக்காவும் தேவசகாயம் அண்ணனும். நாகர்கோவில்காரர்கள். அண்ணன் கப்பலில் இன்ஜினியராக இருந்தவர். போன வருஷம் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது, ஒரே ஒரு வார்த்தையைத் தவிர. பசித்தாலும் வலித்தாலும், ஜன்னலில் அணில் வந்து சந்தோஷம் வந்தாலும், அவர் "தண்ணி!" என்றுதான் கத்துவார். மூளையில் மற்ற வார்த்தைகளுக்குப் போகிற வழி அடைந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். எந்தத் தண்ணி எதற்கு என்று அக்காவுக்கு மட்டும் தெரியும். ஊர் மருத்துவமனையிலிருந்து தினமும் ஒரு பெண் வந்து பயிற்சி கொடுத்ததில், சமீபத்தில் கட்டைவிரல் அசைய ஆரம்பித்திருந்தது. அன்றைக்கு அக்கா வளவு முழுக்கக் கேசரி கொடுத்தாள்.

உமையாளுக்குக் கிளாடிஸ் அக்கா என்றால் உயிர். பித்தப்பை ஆபரேஷன் ஆகி உமையாள் படுத்திருந்தபோது, யாழினிக்குத் தலைபின்னிப் பள்ளிக்கு அனுப்பியது அக்காதான். பின்னல் நாகர்கோவில் பின்னலாக, காதோரம் இறுக்கமாக இருக்கும். யாழினி முனகுவாள். "வலிச்சாத்தான் மக்கா நிக்கும்" என்பாள் அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கதிரேசன் கறி வாங்கிவிட்டுத் திரும்பும்போது போன் அதிர்ந்தது. அயலிடமிருந்து செய்தி.

'உங்கள் வளவில் பொருத்தம் குறைந்து வருகிறது. மூன்றாம் எண் வீட்டை மாற்றினால் சரியாகும் என்று கணித்திருக்கிறோம். உங்களுக்குச் சம்மதமா? உங்கள் பதில் இரகசியமாக வைக்கப்படும். இதுபற்றி வீட்டிலும் வெளியிலும் யாருடனும் பேச வேண்டாம்.'

கீழே இரண்டே பொத்தான்கள். சம்மதம், சம்மதமில்லை. அதற்கும் கீழே பொடி எழுத்தில், வீட்டில் உள்ள பெரியவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்கப்படும், ஒருவர் மறுத்தாலும் அந்த வீட்டின் பதில் மறுப்பாகவே கொள்ளப்படும் என்று இருந்தது.

கறிப்பையோடு சாலையோரமாக நின்றுவிட்டான். பொருத்தம் குறைந்த வளவுகள் பற்றி அவன் கேள்விப்பட்டிருந்தான். கூட வேலை பார்த்த ஒருவன் திடீரென்று நல்லேரியை விட்டுப் போனான். ஏன் என்று கேட்டதற்கு, "ஒத்துவரலைன்னு சொல்லிட்டாங்க" என்றான், அதற்குமேல் பேசவில்லை. யாழினியின் பள்ளிச் சீட்டு நல்லேரி முகவரியோடு ஒட்டியது. பத்தாம் வகுப்பின் நடுவில் முகவரி போனால் சீட்டும் போகும்.

அவன் மனசு ஒரு கணக்குப் போட்டது. உமையாள் எப்படியும் சம்மதமில்லை என்றுதான் அழுத்துவாள். தலை போனாலும் அக்காவை விட்டுக்கொடுக்கமாட்டாள். ஒருவர் மறுத்தால் வீடே மறுத்ததாக ஆகும். ஆகவே தான் எதை அழுத்தினாலும் அக்காவுக்கு ஒரு கெடுதலும் வரப்போவதில்லை. ஆனால் நாளைக்கு அயல் திரும்பிப் பார்த்து, இந்த வீட்டில் ஒத்துப்போகிற ஆள் யாராவது உண்டா என்று தேடினால், ஒருத்தனாவது இருக்க வேண்டாமா? பாம்புக்கும் நோகாமல் பாம்படித்த கோலுக்கும் நோகாமல் ஒரு வழி கிடைத்த நிம்மதியில், சம்மதம் என்பதை அழுத்தினான். வீட்டுக்குப் போய்க் கறியைக் கழுவிக் கொடுத்தான்.

உமையாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் போனும் பக்கத்தில்தான் கவிழ்ந்து கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்குள் பேசுவதை அயல் கேட்காது என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் எத்தனையோ இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்த நாட்கள்தான் கொடுமை. முடிவு எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. வளவே ஒரேயடியாக நல்லதாகிப் போனது. முதல் எண் வீட்டு முரளிதரன் தன் புல்லட்டை வளவுக்குள் ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிட்டு, வாசல் கேட்வரை மூச்சுவாங்கத் தள்ளிக்கொண்டு போனார். நான்காம் எண்ணில் இருந்த பல் டாக்டர் பரிமளா, பண்டிகை எதுவும் இல்லாத ஒரு நாளில் எல்லோருக்கும் சுண்டல் கொண்டுவந்து கொடுத்தாள். ஐந்தாம் எண் வீட்டார் எதிரே வந்தால் சிரித்தார்கள், போன பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். எல்லோருடைய சிரிப்பிலும் பயம் இருந்தது. கதிரேசனுக்கு அது நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அவனும் அப்படித்தான் சிரித்தான்.

மதியத்தில் தேவசகாயம் அண்ணன் "தண்ணி! தண்ணி!" என்று கத்தும்போது மட்டும், நான்கு வீட்டு ஜன்னல்களும் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டன.

உமையாள் அக்கா வீட்டுக்குப் போகத்தான் செய்தாள். ஆனால் சீக்கிரமே திரும்பினாள். பிறகு துணி காயப்போட வேண்டும், யாழினிக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டும் என்று காரணம் சொல்லிக்கொண்டு போகாமலே இருந்தாள். யாழினிக்குக் கணக்குச் சொல்லித்தருவது எப்போதும் கதிரேசன்தான். அவன் கவனித்தான், கேட்கவில்லை.

ஒரு நாள் காலையில் எல்லோர் போனிலும் ஒரே செய்தி வந்தது. 'மூன்றாம் எண் வீடு வேறிடத்துக்கு மாற்றப்படுகிறது. உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி.'

முற்றத்தில் நின்றிருந்த முரளிதரன் செய்தியைப் படித்துவிட்டு, "மூணா?" என்றார் தன்னையறியாமல். துக்கத்தில் கேட்கிறார் என்று கதிரேசன் நினைத்துக்கொண்டான்.

உள்ளே உமையாள் சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீங்க போய்க் கேளுங்க. நேர்ல போங்க. அந்த மனுஷனுக்கு இப்பத்தான் விரல் அசையுது. இங்கேருந்து எடுத்துட்டுப் போனா யாரு வந்து பயிற்சி குடுப்பா? ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவள் அழுகை நிஜம். அதில் சந்தேகமே இல்லை. கதிரேசனுக்குக் குழப்பமாக இருந்தது. இவள் மறுத்திருப்பாளே, அப்புறம் எப்படி என்று யோசித்தான். மற்ற மூன்று வீடும் சம்மதித்திருக்கும், பெரும்பான்மை என்று தள்ளியிருப்பார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கிளம்பினான்.

அயலின் அலுவலகமான நல்வரவு மையத்தில் சாருலதா என்ற பெண் அவனை உட்காரவைத்து இளநீர் கொடுத்தாள். சின்ன வயது, நல்ல மரியாதை.

"சொல்லுங்க சார்."

"எங்க பக்கத்து வீட்டுல ஒருத்தர் முடியாம இருக்கார். அவர் சத்தம் போடறதுனாலதான் பொருத்தம் குறைஞ்சுதுன்னா, அது நியாயமில்லை. அவரா வேணும்னு கத்தறார்?"

சாருலதா திரையைப் பார்த்தாள். "அவர் சத்தம் கணக்குலயே இல்லையே சார். இந்த ஊர்ல படுக்கையில இருக்கறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க. அதுக்கெல்லாம் யாரையும் அனுப்ப மாட்டோம்."

"அப்ப எதுனால பொருத்தம் குறைஞ்சுது?"

"குறையலை சார்."

அவனுக்குப் புரியவில்லை. அவள் பொறுமையாக, ஏற்கெனவே பலருக்குச் சொன்ன பாவனையில் விளக்கினாள்.

"ஆரம்பத்துல அயல் பழக்க வழக்கத்தை வெச்சுத்தான் பொருத்தம் பார்த்தது. தூக்கம், சாப்பாடு, பாட்டு, நாய் வளர்க்கறது இப்படி. ஆனாலும் சண்டை வந்துட்டே இருந்துது. ஒரே மாதிரி ஆளுங்கதான் ரொம்பச் சண்டை போட்டாங்க. அப்புறம் அதுவா ஒண்ணு கத்துக்கிச்சு. சில வளவுல ஆளுங்க ஒருத்தருக்கொருத்தர் சம்பந்தமே இருக்காது, ஆனா வருஷக்கணக்கா ஒரு புகார் வராது. அங்கெல்லாம் பொதுவா என்ன இருக்குன்னு பார்த்தா, கேட்டா சரின்னு சொல்றவங்க. அவ்வளவுதான். அதனால இப்ப அப்பப்ப ஒவ்வொரு வளவுலயும் கேட்டுப் பாக்குது."

"எங்க வளவுல மூணாம் நம்பர் வீட்டைப் பத்திக் கேட்டுது."

"உங்க வீட்டுகிட்ட மூணாம் நம்பரைப் பத்திக் கேட்டுது சார். ஒவ்வொரு வீட்டுகிட்டயும் வேற வேற வீட்டைப் பத்தித்தான் கேக்கும்."

முரளிதரன் "மூணா?" என்று கேட்டது அப்போதுதான் அவனுக்குச் சரியாகக் காதில் விழுந்தது. முரளிதரனிடம் யாரைப் பற்றிக் கேட்டிருப்பார்கள்? பரிமளா யாரை அனுப்பச் சம்மதித்துவிட்டுச் சுண்டல் கொடுத்தாள்?

"நாலு வீட்டுல சம்மதம்னு வந்துது. ஒரு வீடு மட்டும் மறுத்துட்டாங்க" என்றாள் சாருலதா. "ஒத்துவராத வீடு எதுன்னு அதுல தெரிஞ்சு போச்சு இல்லையா?"

கதிரேசன் நாற்காலி நுனிக்கு வந்தான். "எங்க வீட்டுப் பதில்..."

"சம்மதம் சார். உங்க ரெண்டு பேரோடதும். அன்னைக்கே வந்துடுச்சு."

அவன் இளநீரைக் கீழே வைத்தான். இரண்டு பேருடையதும். அவன் உமையாளை நம்பி அழுத்தியிருந்தான். அப்படியானால் அவளும் அவனை நம்பித்தான் அழுத்தியிருக்கிறாள். எப்படியும் என் வீட்டுக்காரர் மறுத்துவிடுவார், அவர் நல்லவர் என்று நினைத்திருப்பாள். அவனுக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது, காது மடல்வரை சுட்டது.

"மூணாம் நம்பர் வீட்டுகிட்ட யாரைப் பத்திக் கேட்டீங்க?"

"அது இரகசியம்... ஆனா இரகசியம் இங்க குடியிருக்கறவங்களுக்குத்தான். அவங்க நாளையிலேருந்து இல்லை" என்று சொல்லி ஒரு விநாடி தயங்கினாள். "உங்களைப் பத்தித்தான் சார். அந்தம்மா மறுத்துட்டாங்க. அவங்க வீட்டுக்காரரால அழுத்த முடியாதில்லையா, அதனால போன்ல கேட்டோம். 'அவர்கிட்டயும் கேட்டேன் மக்கா, தண்ணின்னாரு. மாட்டேன்னு அர்த்தம்'னு சொன்னாங்க. எல்லாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு."

சாருலதா இப்போதும் லேசாகச் சிரித்தாள். கெட்ட பெண் இல்லை. வேலை நன்றாகப் போகிற இடத்தில் இருப்பவர்களின் சிரிப்பு அது.

"இப்ப என் பதிலை மாத்தினா?" என்று கேட்டான் கதிரேசன்.

"தாராளமா மாத்தலாம் சார். உங்க வீடும் மறுத்ததா பதிவாகும்."

"அவங்க இருப்பாங்களா?"

"இல்லை சார். நீங்களும் அவங்ககூடப் போவீங்க. நல்லேரிக்கு வெளியே, பழைய ஹைவே பக்கம் நல்ல ஃபிளாட்டு. கேட்டா பக்கத்துப் பக்கத்துலயே தருவாங்க. நாளைக்கு அவங்க வண்டி கிளம்பறதுக்குள்ள சொல்லிட்டாப் போதும்."

பக்கத்துப் பக்கத்திலேயே தருவார்கள். அவன் யாழினியை நினைத்தான். பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்தான். பத்தாம் வகுப்பு என்பது தமிழ்நாட்டில் எந்தப் பாவத்துக்கும் போதுமான காரணம்.

வீட்டு வாசலில் உமையாள் நின்றிருந்தாள். "என்ன சொன்னாங்க?"

"முடிஞ்சு போச்சாம். நாம சொல்லி ஒண்ணும் ஆகாதாம்."

"நம்ம வீட்டுப் பதில் என்னன்னு சொன்னாங்களா?"

அவள் மறுத்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. கேட்டு முடித்த பிறகு அது அவளுக்கும் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்துப் போனது. அவன் பதில் சொல்ல எடுத்துக்கொண்ட நேரத்தில், அவன் எதை அழுத்தினான் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"சொல்லலை. இரகசியமாம்" என்றான்.

"அப்படியா" என்றாள் உமையாள். உள்ளே போய்ச் சாதம் வைத்தாள்.

அடுத்த நாள் காலையில் வண்டி வந்தது. கட்டில், பீரோ, அண்ணனுடைய சக்கர நாற்காலி எல்லாம் ஏறின. நான்கு வீட்டாரும் உதவிக்கு வந்தார்கள். அவ்வளவு அக்கறையாக ஒரு வீட்டை யாரும் காலி செய்துகொடுத்திருக்கமாட்டார்கள். பரிமளா கண்ணாடிச் சாமான்களைத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். முரளிதரன் ஃபிரிட்ஜைத் தூக்கினார்.

கிளாடிஸ் அக்கா கடைசியாக இரண்டாம் எண் வீட்டுக்குள் வந்தாள். கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, உமையாளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியும்லா மக்கா, நீங்க ரெண்டு பேரும் மாட்டோம்னுதான் சொல்லியிருப்பீங்க. மத்த மூணு வீட்டுக்காரங்களையும் நான் குத்தம் சொல்லல. பயந்திருப்பாங்க. அவங்கவங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்குல்லா. ஆனா நீங்க ரெண்டு பேர் இருந்தீங்களேன்னுதான் எனக்கு ஆறுதல். யாழினி பரீட்சை நல்லா எழுதணும், என்ன?"

தன்னிடம் யாரைப் பற்றிக் கேட்டார்கள் என்பதை அவள் சொல்லவில்லை. சொன்னால் இவர்கள் மனசு கஷ்டப்படும் என்று நினைத்திருப்பாள்.

உமையாள் வாய் திறந்தாள். ஏதோ சொல்லத்தான் போனாள். கதிரேசன் அவளைப் பார்த்தான். வண்டி இன்னும் கிளம்பவில்லை. பை நிறையத் துணியும் யாழினியின் புத்தகங்களும் எடுத்துக்கொண்டால் போதும், மற்றது பிறகு வரும். ஒரு போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். உமையாள் வாயை மூடிக்கொண்டாள்.

"ஏதாவது வேணும்னா போன் பண்ணுங்கக்கா" என்றான் கதிரேசன்.

வண்டியின் முன்சீட்டில் உட்காரவைத்திருந்த தேவசகாயம் அண்ணன் அவர்களைப் பார்த்து "தண்ணி" என்றார், இந்தத் தடவை கத்தாமல். என்ன அர்த்தம் என்று இருவருக்கும் தெரியவில்லை. அக்காவிடம் கேட்பதற்குள் வண்டி திரும்பிவிட்டது.

வாரம் முடிவதற்குள் மூன்றாம் எண்ணுக்குப் புதுத் தம்பதி வந்தார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம். பளிச்சென்ற முகங்கள், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். காலையில் பால் காய்ச்சி வளவு முழுக்கக் கூப்பிட்டார்கள். நான்கு வீடும் போனது. ஆளுக்கொரு டம்ளரில் சூடான பால் கிடைத்தது.

"மூணு வருஷமாக் காத்திருந்தோமுங்கக்கா" என்றாள் அந்தப் பெண் உமையாளிடம். பெயர் ரஞ்சிதம். "எல்லாரும் நல்லேரி, நல்லேரின்னே சொல்றாங்க. அப்படி என்னதானுங்க இருக்குது இங்க? நீங்களே சொல்லுங்க."

எல்லோரும் உமையாளைப் பார்த்தார்கள். முரளிதரன், பரிமளா, ஐந்தாம் எண் வீட்டார், எல்லோரும்.

"மனுஷங்கதான்" என்றாள் உமையாள். "ரொம்ப அனுசரணையான மனுஷங்க. யாரும் எதையும் முடியாதுன்னு சொல்ல மாட்டாங்க."

"எங்களுக்கும் அதுதானுங்க வேணும்" என்று ரஞ்சிதம் பூரித்துப் போனாள். "பாலு எப்படி இருக்குதுங்க? சர்க்கரை போதுமுங்களா?"

"சரியா இருக்கும்மா" என்றான் கதிரேசன். அளவாக இருக்கிறது என்றார் முரளிதரன். பரிமளா தலையாட்டினாள். உமையாள் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள்.

பாலில் சர்க்கரையே போட்டிருக்கவில்லை.